கண்ணில் சுண்ணாம்போ ஆசிடோ பட்டால் என்ன செய்வது? வேலூர்ப் பக்கத்துக்காரர்களுக்கு ஒரு வழிகாட்டி

வேலூரைச் சுற்றி இருப்பவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. யாருக்கு என்ன ஆனாலும், வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனையை நினைத்து, “வண்டியை எடு, சிஎம்சிக்குப் போயிடலாம்” என்பார்கள். நெஞ்சுவலிக்கு அது சரி. கண்ணில் சுண்ணாம்பு தெறித்தவருக்கு அது சரிப்படாது. ஆம்பூரிலிருந்து வேலூர் ஏறக்குறைய 50 கிலோமீட்டர். ரோடு காலியாக இருந்தாலும் ஒரு மணி நேரம் போய்விடும். சுண்ணாம்பு ஒரு காரம், அதாவது அமிலத்துக்கு எதிர்வகையான அல்கலி. அது கண்ணுக்குள் இறங்க சில நிமிடங்களே போதும். கழுவாமல் கிளம்பியவரின் கண்ணை எவ்வளவு பெரிய டாக்டர் பார்த்தாலும், வழியில் வெந்தது வெந்ததுதான்.

அதனால் மருத்துவமனை வாசலை மிதிப்பதற்கு முந்தைய நேரத்தைப் பற்றித்தான் இங்கே அதிகம் எழுதுகிறேன். தோல் பதனிடும் டேனரியிலோ ஷூ கம்பெனியிலோ கட்டட வேலையிலோ புதிதாகச் சேர்ந்தவர்கள், கம்பெனியில் முதலுதவிப் பொறுப்பு கொடுக்கப்பட்டவர்கள், சின்ன கிளினிக்கில் வேலைக்கு வந்திருக்கும் இளம் நர்ஸ்கள், இவர்களை மனதில் வைத்து எழுதுகிறேன். வீட்டில் சின்னக் குழந்தை வைத்திருப்பவர்களும் முதல் பாதியைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

எங்கே, எப்படி நடக்கிறது

பழைய வட ஆற்காடு மாவட்டம் இப்போது வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலை என்று நாலாகப் பிரிந்து கிடக்கிறது. ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டு, ராணிப்பேட்டை, மேல்விஷாரம் என்று தோல் தொழில் பரவிய ஊர்கள் அதில் பல. பச்சைத் தோலிலிருந்து முடியை எடுக்கச் சுண்ணாம்பும் சோடியம் சல்பைடும் கலந்த தண்ணீரில் ஊறவைப்பார்கள். இரண்டுமே கடுமையான காரம். அடுத்தடுத்த கட்டத்தில் அதே தோல் உப்பும் கந்தக அமிலமும் கலந்த தண்ணீருக்குப் போகும். ஆக, ஒரே கூரைக்குக் கீழே காரமும் உண்டு, அமிலமும் உண்டு. தோலை இழுக்கும்போது, டிரம் மூடியைத் திறக்கும்போது, கேனிலிருந்து வாளிக்கு ஊற்றும்போதுதான் பெரும்பாலும் தெறிக்கும்.

டேனரிக்கு வெளியேயும் காரத்துக்குப் பஞ்சமில்லை. சிமெண்ட் கலவை காரம். பொங்கலுக்கு அடிக்கும் வெள்ளைச் சுண்ணாம்பு காரம். பிளீச்சிங் பவுடர், சாக்கடை அடைப்பு எடுக்கும் தூள், ஐஸ் கம்பெனி அம்மோனியா எல்லாம் அந்தப் பக்கம்தான். கழிவறை கழுவும் ஆசிடும் லாரி பேட்டரி ஆசிடும் அமிலப் பக்கம். தீபாவளி மத்தாப்பு தெறித்தால் சூட்டுக்காயம் மட்டும் என்று நினைக்காதீர்கள். அதன் சாம்பலில் மெக்னீசியம் ஹைட்ராக்சைடு இருக்கும், அதுவும் காரமே.

எல்லாவற்றிலும் என்னை அதிகம் உறுத்துவது பெட்டிக்கடையில் தொங்கும் வெற்றிலைச் சுண்ணாம்புப் பாக்கெட். தாத்தா பாட்டி மடியிலிருந்து எடுத்து குழந்தை அதைப் பிதுக்கும். பாக்கெட் வெடிக்கும். முகத்துக்கு நேராகப் பிடித்திருப்பதால் பசை மொத்தமும் கண்ணில் அப்பிக்கொள்ளும். சில சமயம் இரண்டு கண்ணிலும். சுண்ணாம்பு டப்பா மாத்திரை டப்பாவோடு சேர்த்துப் பரண்மேல் இருக்கவேண்டிய சாமான்.

எருக்கம்பால் வேறு ரகம். விநாயகர் சதுர்த்திக்கு எருக்கம்பூ பறித்து மாலை கட்டிய கையோடு கண்ணைத் தேய்த்துவிடுவார்கள். வலி அதிகம் இருக்காது, அதனால் பெரிதாக நினைக்க மாட்டார்கள். பார்வை மட்டும் புகைமூட்டமாக மங்கும். அந்தப் பால் கருவிழியின் உள்பக்கத்துச் செல்களைத் தாக்குவதால் கருவிழி நீர் கோத்து வீங்குவதே காரணம். சரியான சிகிச்சை எடுத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். வலி இல்லை என்று வீட்டிலேயே உட்கார்ந்துவிடக் கூடாது. கள்ளிப்பால் நேர்மாறு, எரிச்சலில் ஆளையே துள்ளவைத்துவிடும். இரண்டுக்கும் முதல் வேலை கழுவுவது.

காரம் ஏன் மோசம்

அமிலம் பட்டதும் கண்ணின் மேற்பரப்பில் உள்ள புரதம் வெந்த முட்டையின் வெள்ளைக்கருபோல இறுகிவிடும். அந்த இறுகலே ஒரு தடுப்பாக நின்று அமிலத்தை மேற்கொண்டு உள்ளே போகவிடாமல் ஓரளவுக்கு மறிக்கும். காரத்திடம் அந்தத் தடுப்பு கிடையாது. செல்லின் சுவரில் உள்ள கொழுப்பை அது சோப்பாக மாற்றிவிடும். சுவர் கரையக் கரைய அடுத்த அடுக்குக்குப் போய்க்கொண்டே இருக்கும். கருவிழியைத் தாண்டி, உள்ளே இருக்கும் நீர்ப்பகுதி வரைக்கும் இறங்கும். அங்கே கண்ணின் பிரஷர் ஏறலாம், லென்ஸ் புரையாகலாம்.

அளவும் தெரிந்துகொள்வோம். ஒன்று எவ்வளவு அமிலம், எவ்வளவு காரம் என்று காட்டும் எண்தான் பி.எச். கண்ணீரின் பி.எச். 7-ஐ ஒட்டி இருக்கும். தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீருடையது 12-க்கும் மேல். இந்த அளவுகோலில் ஒவ்வொரு படிக்கும் பத்து மடங்கு வித்தியாசம். 7-க்கும் 12-க்கும் இடையே ஐந்து படிதான் என்றாலும் கணக்குப் போட்டால் ஒரு லட்சம் மடங்கு. ஒரு டம்ளர் தண்ணீர் அடித்து “கழுவிட்டேன்” என்பது ஏன் போதாது என்று இதிலிருந்தே புரியும்.

அமிலம்தானே என்று அலட்சியமும் வேண்டாம். அடர்த்தியான கந்தக அமிலம் கண்ணைக் குருடாக்கும். துரு எடுக்கவும் கண்ணாடியில் செதுக்கவும் பயன்படுத்தும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் காரத்தைப் போலவே துளைத்துக்கொண்டு போகும்.

கழுவும் முறை

எந்தத் தண்ணீர் என்று யோசிக்கவே வேண்டாம். கைக்கு எட்டுகிற சுத்தமான தண்ணீர் எதுவானாலும் சரி. குழாய்த் தண்ணீர், குடத்துத் தண்ணீர், கேன் தண்ணீர், வாட்டர் பாட்டில். சலைன் வாங்க மெடிக்கல் ஷாப்புக்கு ஆள் அனுப்பிவிட்டுக் காத்திருப்பதைவிட மோசமான முடிவு இருக்க முடியாது. டேனரித் தொட்டித் தண்ணீர், ஓடையில் வரும் கழிவு இவை மட்டும் கூடாது.

நம் ஊருக்கு ஒரு எச்சரிக்கை. மே மாதம் மதியம் மொட்டை மாடி டேங்கிலிருந்து வரும் தண்ணீர் கொதிக்கும். வேலூர் வெயிலைத் தெரிந்தவர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டாம். அந்த நேரத்தில் குழாயைத் திறந்து ஓடவிட்டுக்கொண்டே, குடத்துத் தண்ணீரில் கழுவ ஆரம்பியுங்கள். பம்புசெட்டிலிருந்து பீய்ச்சி வரும் தண்ணீரையும் நேராகக் கண்ணில் காட்டக் கூடாது. தண்ணீர் மெதுவாக, விடாமல் வழிய வேண்டும்.

பட்டவரைப் படுக்கவையுங்கள், அல்லது உட்காரவைத்துத் தலையைச் சாயுங்கள். எந்தக் கண்ணில் பட்டதோ அந்தப் பக்கம் தலை சாயவேண்டும். இல்லையென்றால் அழுக்குத் தண்ணீர் நல்ல கண்ணுக்கு வழிந்துவிடும். மூக்குப் பக்கத்திலிருந்து காதுப் பக்கமாக ஊற்றுங்கள்.

அடுத்துதான் கஷ்டமான வேலை. இமையைத் திறந்துவைக்கவேண்டும். வலியில் அவர் கண்ணை இறுக்கிக்கொள்வார், அது அவர் கையில் இல்லை. அவராகத் திறப்பார் என்று காத்திருந்தால் தண்ணீர் கன்னத்தில்தான் போகும். இரண்டு விரலால் மேல் இமையையும் கீழ் இமையையும் எலும்பின்மேல் வைத்து விரியுங்கள். கண்ணின் உருண்டையை அழுத்தாதீர்கள். பேசிக்கொண்டே செய்யுங்கள். “பாய், கையை எடுங்க. நான் பிடிச்சிருக்கேன். மேல பாருங்க, இப்ப கீழ, இப்ப என் பக்கம்.” கண் எல்லாப் பக்கமும் சுழன்றால்தான் இமைக்குள் ஒளிந்திருப்பது வெளியே வரும்.

எவ்வளவு நேரம்? அமிலமென்றால் குறைந்தது 20 நிமிடம், காரமென்றால் அரை மணி நேரம். என்ன பட்டது என்று தெரியாவிட்டால் காரம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கடிகாரத்தைப் பாருங்கள், மனக்கணக்கு வேண்டாம். வலியில் துடிப்பவருக்கு மூன்று நிமிடமே அரை மணி நேரமாகத் தெரியும், பிடித்திருப்பவருக்கும் அப்படித்தான். 20 லிட்டர் கேன் ஒன்றை நிமிடத்துக்கு ஒரு லிட்டர் வீதம் ஊற்றினால் 20 நிமிடம் வரும். குழாயில் தண்ணீர் முறைவைத்து வரும் தெருக்களில் இந்தக் கணக்கு உதவும்.

கான்டாக்ட் லென்ஸ் போட்டிருந்தால் அதை எடுக்கவென்று நேரத்தை விடாதீர்கள். கழுவும்போது தானாக நழுவினால் எடுத்துவிடுங்கள். நனைந்த சட்டையைக் கழற்றுங்கள், தலைமுடியிலும் இருக்கும். ஊற்றுகிறவரும் முடிந்தால் கையுறை போட்டுக்கொள்வது நல்லது.

குழந்தையாக இருந்தால் ஒரு ஆள் போதாது. துண்டிலோ வேட்டியிலோ கைகளைச் சேர்த்துச் சுற்றி, ஒருவர் மடியில் படுக்கவைத்துத் தலையைப் பிடிக்கவேண்டும், இன்னொருவர் இமையை விரித்து ஊற்றவேண்டும். அலறும். அலறட்டும். அம்மாவால் பார்க்க முடியாவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொல்லுங்கள்.

டேனரிக்காரர்களுக்கு நடுவில் ஒன்று. தொட்டிக்குள் விழுந்தவரைத் தூக்க யோசிக்காமல் குதிக்காதீர்கள். சல்பைடு இருக்கும் தண்ணீரில் அமிலம் சேர்ந்தால் ஹைட்ரஜன் சல்பைடு வாயு கிளம்பும். அழுகிய முட்டை நாற்றம் அடித்து, திடீரென்று நாற்றமே இல்லாமல் போனால் வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை, உங்கள் மூக்கு செயலிழந்துவிட்டது. அது ஆளையே கொல்லும். கண் அப்புறம்.

சுண்ணாம்புக்கு மட்டும் இன்னும் ஒரு வேலை

“சுண்ணாம்புல தண்ணி ஊத்தினா கொதிக்குமே, கண்ணு வெந்துடாதா?” என்று கேட்பவர்கள் நம் பக்கத்தில் நிறைய. கேள்வியில் நியாயம் இருக்கிறது. சுட்ட சுண்ணாம்புக் கல்லில் தண்ணீர் பட்டால் சூடு கிளம்புவது உண்மை. ஆனால் வெற்றிலைச் சுண்ணாம்பும் சுவருக்கு அடிப்பதும் ஏற்கெனவே தண்ணீர் ஊற்றித் தணித்தவை. அவை மறுபடி கொதிக்காது. நீற்றாத தூளோ கட்டியோ பட்டிருந்தால், முகத்திலும் இமைமேலும் இருப்பதை முதலில் உலர்ந்த துணியால் வெளிப்பக்கமாகத் தட்டிவிடுங்கள். அது சில விநாடி வேலைதான். அப்புறம் தாராளமாகத் தண்ணீர். சூட்டுக்குப் பயந்து கொஞ்சமாக ஊற்றினால்தான் ஆபத்து, நிறைய ஊற்றினால் சூடும் காரமும் சேர்ந்தே போய்விடும்.

சுண்ணாம்பின் பெரிய தொல்லை ஒட்டிக்கொள்வது. திரவக் காரத்தைக் கழுவினால் போய்விடும். சுண்ணாம்பு மேல் இமைக்கு அடியில், மடிப்புக்குள், சின்னச் சின்னக் கட்டியாக உட்கார்ந்து மணிக்கணக்கில் காரத்தைக் கசியவிடும். வெளியிலிருந்து பார்த்தால் கண் சுத்தமாகத் தெரியும். சிமெண்டும் இப்படித்தான். கீழ் இமையை இழுத்துப் பாருங்கள், வெள்ளையாகத் தெரிவதை நனைத்த சுத்தமான துணி முனையால் மெதுவாக எடுத்துவிடுங்கள். கருவிழியின்மேல் ஒட்டியிருப்பதைச் சுரண்டாதீர்கள். மேல் இமையைப் புரட்டுவது பழகியவர் செய்யவேண்டியது. அதனால் சுண்ணாம்பு பட்டவர், வலி அடங்கி “இப்ப பரவாயில்லை” என்று சொன்னாலும், கண் டாக்டரைப் பார்க்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது.

கண்ணில் விடக் கூடாதவை

தாய்ப்பால், விளக்கெண்ணெய், நெய், பன்னீர், தேன். இவற்றில் எதுவும் காரத்தை வெளியேற்றாது. எண்ணெயும் நெய்யும் சுண்ணாம்பை இன்னும் பிடித்துவைக்கும். காரத்துக்கு எலுமிச்சைச் சாறு, அமிலத்துக்குச் சோடா உப்பு என்று பள்ளிக்கூட வேதியியல் பாடத்தைக் கண்ணில் செய்துபார்க்காதீர்கள். ஒன்றோடொன்று சேரும்போது சூடு கிளம்பும், இரண்டாவதாக ஒரு காயம் வரும்.

கண்ணைத் தேய்க்கக் கூடாது, கட்டுப் போட்டு மூடக் கூடாது. மெடிக்கல் ஷாப்பில் “கண் சிவந்திருக்கு” என்று சொல்லி ஏதோ ஒரு சொட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு ரெண்டு நாள் பார்ப்பதும் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருக்கலாம். இந்தக் காயத்தில் ஸ்டீராய்டுக்கு நாள் கணக்கு உண்டு, பின்னால் சொல்கிறேன்.

எங்கே போவது, என்ன கொண்டுபோவது

கழுவி முடித்த பிறகுதான் வண்டி. 108-க்கு ஒருவர் போன் செய்யும்போதே இன்னொருவர் கழுவிக்கொண்டிருக்கலாம். ஆட்டோவிலும் ஆம்புலன்ஸிலும் பாட்டில் தண்ணீரை விட்டுக்கொண்டே போகலாம், சீட் நனைந்தால் நனையட்டும்.

நேராகப் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும் என்றில்லை. ஆம்பூர், வாணியம்பாடி, குடியாத்தம் அரசு மருத்துவமனைகளில் சலைன் பாட்டில் இருக்கும். அங்கே நிறுத்தி இன்னொரு சுற்று கழுவிவிட்டு, சீட்டு எழுதி வாங்கிக்கொண்டு மேலே போவது புத்திசாலித்தனம். வேலூரில் அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கண் பிரிவு உண்டு. சிஎம்சியின் கண் பிரிவு பல பத்தாண்டுகள் இயங்கியது ஆரணி சாலை ஷெல் வளாகத்தில். சிஎம்சியைத் தொடங்கிய டாக்டர் ஐடா ஸ்கடர் 1902-இல் திறந்த மேரி டேபர் ஷெல் மருத்துவமனையின் பெயர்தான் அது. ராத்திரியில் அவசரக் கண் சிகிச்சை எங்கே என்பதை 108 ஊழியரிடமே கேட்டுக்கொள்ளுங்கள், கதவு கதவாக அலைய வேண்டாம்.

கையோடு எடுத்துப்போகவேண்டியது ரசாயனத்தின் பெயர். கேனின் லேபிளை போனில் படம் எடுத்தால் போதும், கேனையே தூக்கிப்போக வேண்டாம். எத்தனை மணிக்குப் பட்டது, எவ்வளவு நேரம் கழுவினீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.

யாராவது வேண்டுமென்றே ஆசிட் வீசியிருந்தால், அரசு மருத்துவமனையானாலும் தனியார் ஆனாலும் உடனே இலவசமாகச் சிகிச்சை தரவேண்டும் என்பது சட்டம். “முதல்ல பணம் கட்டுங்க” என்று யாரும் சொல்ல முடியாது.

கிளினிக்கில் புதிதாகச் சேர்ந்தவருக்கு

ஓபி சீட்டு, பார்வை அட்டை, வயது, விலாசம் எல்லாம் பிறகு. கண் காயத்தில் எப்போதும் பார்வையை முதலில் சோதிக்கவேண்டும் என்று படித்திருப்பீர்கள். ரசாயனக் காயம் மட்டும் விதிவிலக்கு.

பி.எச். தாள் இருந்தால் கீழ் இமை மடிப்பில் தொட்டுப் பாருங்கள். தாள் இல்லையென்றால் அதைத் தேடாமல் கழுவ ஆரம்பியுங்கள். மரத்துப்போகும் சொட்டு, அதாவது புரோபராகெய்ன், ஒன்றிரண்டு துளி விட்டால் நோயாளி கண்ணைத் திறப்பார். இதை வீட்டுக்குக் கொடுத்தனுப்பவே கூடாது, தொடர்ந்து போட்டால் கருவிழி ஆறாது. நார்மல் சலைன் அல்லது ரிங்கர் லாக்டேட் பாட்டிலில் டிரிப்ஸ் செட்டைச் செருகி, ஊசி மாட்டாமல் குழாய் முனையைக் கண்ணுக்கு மேலே பிடித்து முழு வேகத்தில் விடுங்கள். ஒரு பாட்டிலோடு நிறுத்திவிடாதீர்கள். கடுமையான காரத்துக்குப் பல லிட்டர் ஆகும்.

மேல் இமையைப் புரட்டிப் பாருங்கள். ஒருமுறை புரட்டினால் மடிப்பின் ஆழம் தெரியாது, இமைவிரிப்பானை வைத்து இரண்டாம் முறையும் புரட்டவேண்டும். நனைத்த பஞ்சுக்குச்சியால் மடிப்பு முழுக்கத் துடையுங்கள். சுண்ணாம்புக் கட்டிகள் வெளியே வருவது இப்போதுதான்.

கழுவுவதை நிறுத்தி ஐந்து நிமிடம் காத்திருந்து பி.எச். பாருங்கள். நிறுத்தியவுடன் பார்த்தால் சலைனின் பி.எச்.தான் தெரியும். 7-க்கும் 7.4-க்கும் இடையே வந்திருந்தால் சரி. அரை மணி நேரம் கழித்து இன்னொருமுறை பாருங்கள். மறுபடி ஏறியிருந்தால் எங்கேயோ கட்டி ஒளிந்திருக்கிறது என்று அர்த்தம். திரும்பவும் புரட்டித் தேடவேண்டியதுதான்.

கண் சிவந்திருப்பதைப் பார்த்துப் பயப்படுவோம். இந்தக் காயத்தில் பயப்படவேண்டியது வெளுத்த கண்ணைப் பார்த்து. சிவப்பு என்றால் ரத்தம் ஓடுகிறது. பீங்கான் மாதிரி வெளுத்திருந்தால் ரத்தக்குழாய்கள் வெந்துபோய்விட்டன. அந்தக் கண்ணில் வலிகூடக் குறைவாக இருக்கலாம், ஏனென்றால் நரம்பும் போயிருக்கும். “வலியே இல்லை சிஸ்டர், நாளைக்கு வர்றேன்” என்று சொல்பவரை அப்படியே அனுப்பிவிடாதீர்கள்.

கண் டாக்டர் எதைப் பார்க்கிறார்

கருவிழியும் வெள்ளைப் பகுதியும் சேருகிற வட்ட விளிம்பைத்தான் முதலில் பார்ப்பார். கருவிழியின் மேல்தோலைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் ஸ்டெம் செல்கள் அந்த விளிம்பில் இருக்கின்றன. அவை பிழைத்திருந்தால் கருவிழி தன்னைத்தானே மூடிக்கொள்ளும். அவை செத்துவிட்டால் வெள்ளைப் பகுதியின் தோல் ரத்தக்குழாய்களோடு கருவிழிமேல் ஊர்ந்துவந்து பார்வையை மறைத்துவிடும்.

1965-இல் வந்த ரோப்பர்-ஹால் முறையில் நான்கு படிகள். முதல் படியில் கருவிழி தெளிவு, விளிம்பில் வெளுப்பு இல்லை. இரண்டாவதில் லேசான மங்கல், விளிம்பில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான வெளுப்பு. மூன்றாவதில் வெளுப்பு பாதி வரை போகும், கண்ணுக்குள் இருக்கும் விவரங்கள் சரியாகத் தெரியாது. பாதிக்கும் மேல் போய், கருவிழி முழுசாக வெளுத்திருந்தால் நான்காவது. முதல் இரண்டும் நன்றாக ஆறும். 2001-இல் ஹர்மிந்தர் துவா இன்னும் நுணுக்கமாக, விளிம்பைக் கடிகாரம்போல் மணிக்கணக்கில் அளந்து ஆறு படிகளாகப் பிரித்தார். உங்கள் சீட்டில் ‘கிரேடு’ என்று எழுதியிருந்தால் எந்த முறை என்று கேட்டுக்கொள்வது நல்லது, ஒன்றில் நான்கு கடைசி, இன்னொன்றில் நடுவே.

மருந்துகள் பொதுவாக இப்படிப் போகும். தொற்று வராமலிருக்க ஆன்டிபயாடிக் சொட்டு. வலிக்காகக் கண்மணியை விரியவைக்கும் சொட்டு, அது போட்டால் கிட்டப் பார்வை மங்கும், பயப்பட வேண்டாம். ஈரத்துக்குச் செயற்கைக் கண்ணீர். பிரஷர் ஏறியிருந்தால் அதற்குத் தனி மருந்து.

வைட்டமின் சி சொட்டாகவும் மாத்திரையாகவும் தருவார்கள். காரம் பட்ட கண்ணுக்குள் வைட்டமின் சி வெகுவாகக் குறைந்துவிடும், அது இல்லாமல் கருவிழியின் கொலாஜன் இழைகளைக் கண்ணால் மறுபடி நெய்ய முடியாது. நெல்லிக்காய் சாப்பிட்டால் ஈடாகுமா என்றால், ஆகாது. சிறுநீரகக் கல் இருப்பவர்கள் முதலிலேயே சொல்லிவிடவேண்டும். டாக்சிசைக்ளின் மாத்திரை கருவிழி கரைவதைத் தடுக்கத் தருவது. கர்ப்பிணிகளுக்கும் எட்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கும் அது கூடாது.

ஸ்டீராய்டு விஷயத்துக்கு வருகிறேன். முதல் ஒரு வாரம், பத்து நாள் வரை அது வீக்கத்தை அடக்கிக் கண்ணைக் காப்பாற்றும். மேல்தோல் மூடாத நிலையில் அதற்கு மேலும் போட்டால் ஆறுவதைத் தடுக்கும், கருவிழி மெலிந்து ஓட்டை விழும் அளவுக்குக் கூடப் போகும். அதனால்தான் டாக்டர் “பத்து நாள் கழிச்சு வாங்க” என்றால் அந்தத் தேதியை விடக் கூடாது. பாட்டிலில் மருந்து மிச்சம் இருக்கிறதே என்று நீங்களாகவும் தொடரக் கூடாது.

பெரிய காயமென்றால் முதல் வாரத்திலேயே பனிக்குடச் சவ்வை, அதாவது பிரசவத்தில் கிடைக்கும் மெல்லிய சவ்வைப் பதப்படுத்தி, கண்ணின்மேல் போர்த்தித் தைப்பார்கள். இமையும் கண்ணும் ஒட்டிக்கொள்ளாமல் இருக்கவும் அது உதவும்.

மாதக்கணக்கில் போகும் வேலை

விளிம்பின் ஸ்டெம் செல்கள் போய்விட்டவருக்கு வெறும் கருவிழி மாற்றம் மட்டும் செய்தால் நிற்காது. புதுக் கருவிழியும் சீக்கிரமே மங்கிவிடும். முதலில் ஸ்டெம் செல்லை ஒட்டவைக்கவேண்டும். நல்ல கண்ணின் விளிம்பிலிருந்து இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு துண்டை எடுத்து, பொடிப்பொடியாக நறுக்கி, பனிக்குடச் சவ்வின்மேல் பரப்பி ஒட்டும் முறையை ஹைதராபாத் எல்.வி. பிரசாத் கண் மருத்துவமனையில் விரேந்தர் சங்வான் குழுவினர் 2012-இல் வெளியிட்டார்கள். இதற்குச் செல்லை வளர்க்கும் ஆய்வகம் தேவையில்லை. இன்று பல நாடுகளில் இதைச் செய்கிறார்கள். இரண்டு கண்ணும் போனவருக்கு உறவினரிடமிருந்து எடுக்கவேண்டிவரும். அப்போது எதிர்ப்புசக்தியை அடக்கும் மருந்தும் சேரும், கஷ்டமும் சேரும். இதெல்லாம் காயத்தின் வீக்கம் நன்றாக அடங்கி மாதங்கள் ஆன பிறகு நடப்பது. அவசரப்படுத்தக் கூடாது.

பார்வை திரும்பி வந்துவிட்டது என்றாலும் கண் பிரஷரை அவ்வப்போது பார்த்துக்கொண்டே இருக்கவேண்டும். அது வலிக்காமல் ஏறும், சத்தமில்லாமல் நரம்பைத் தின்னும். கண் காய்ந்துபோவது வருஷக்கணக்கில் கூட இருக்கும்.

வேலையிடத்தில் கேட்கவேண்டியவை

புதிதாகச் சேர்ந்த அன்றே கண் கழுவும் குழாய் எங்கே என்று கேளுங்கள். பத்து விநாடியில் நடந்து போய்ச்சேரும் தூரத்தில் இருக்கவேண்டும், பதினைந்து நிமிடம் நிற்காமல் தண்ணீர் வரவேண்டும் என்பது தொழிற்பாதுகாப்பில் எங்கும் சொல்லப்படும் அளவு. வாரம் ஒருமுறை திறந்துவிட்டுப் பார்க்கவேண்டும். பல இடங்களில் அது பெயிண்ட் அடித்துப் பளபளவென்று நிற்கும், திறந்தால் துருத்தண்ணீர் வரும், அல்லது ஒன்றுமே வராது. அப்படியிருந்தால் சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். சரிசெய்யும் வரை மூடி போட்ட இரண்டு தண்ணீர் கேனை அந்த இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

கண்ணாடி என்றால் வெல்டிங் கண்ணாடியோ கூலிங் கிளாஸோ இல்லை. பக்கவாட்டும் மேல்பக்கமும் முகத்தோடு ஒட்டி மூடும் காகிள்ஸ். வியர்வையில் புகைபடிந்து மறைக்கிறது என்றுதான் எல்லாரும் நெற்றிக்கு ஏற்றிவிடுகிறார்கள். மறைமுகக் காற்றுத்துளை உள்ளதாகக் கேட்டு வாங்கினால் புகை படிவது குறையும். அமிலத்தைத் தண்ணீரில்தான் ஊற்றவேண்டும், தண்ணீரை அமிலத்தில் ஊற்றக் கூடாது. டம்ளரிலும் பழைய குளிர்பான பாட்டிலிலும் ஆசிட் வைக்கும் பழக்கம் வீட்டிலும் வேண்டாம், கம்பெனியிலும் வேண்டாம்.

ஈஎஸ்ஐ எனும் தொழிலாளர் காப்பீடு இருப்பவர்கள், காயம் வேலை நேரத்தில் பட்டது என்று விபத்துப் பதிவேட்டில் அன்றே எழுதவையுங்கள். வேலை விபத்து என்று பதிவானால், வேலைக்குப் போக முடியாத நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரை கிடைக்கும். “வீட்டுல பட்டதுன்னு சொல்லிடு, வைத்தியச் செலவை நாங்க பார்த்துக்கிறோம்” என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். ஆறு மாதம் கழித்துக் கருவிழி மாற்றம் தேவைப்படும்போது அந்த வாய்ச்சொல்லுக்கு மதிப்பிருக்காது. ஈஎஸ்ஐ இல்லாத கூலி வேலைக்காரர்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டையை எடுத்துப்போங்கள், எந்த அறுவைக்கு அது செல்லும் என்று மருத்துவமனையின் காப்பீட்டு மேசையில் கேட்டுக்கொள்ளலாம். முதல் நாள் சீட்டு, அதில் எழுதிய கிரேடு, ஒவ்வொரு முறையும் பார்த்த பிரஷர் எண், எல்லாவற்றையும் ஒரே ஃபைலில் போட்டுவையுங்கள்.